தட்டை நெஞ்சுப் பூனைக்குட்டி: பிழைக்குமா? வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது?

வீரகேரளம்புதூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஜூலை மாதம். குற்றாலத்துச் சாரல் காற்று தென்காசியைத் தாண்டி இந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கும் நேரம். மாடிப்படிக்கு அடியில், பழைய சாக்கு மேல் ஒரு தெருப்பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. பத்தாம் நாள் பார்த்தால் மூன்று குட்டிகள் பந்து மாதிரி உருண்டு கிடக்கின்றன. நாலாவது மட்டும் மெலிவு. கையில் எடுத்தால் வயிற்றுப் பக்கம் ஏதோ வித்தியாசம். நெஞ்சு உருண்டையாக இல்லை, தட்டையாக இருக்கிறது. மூச்சு விடும்போது வயிறு எக்கி எக்கி இறங்குகிறது.

ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். "ஏட்டி, இது தங்காது. அதுபாட்டுக்கு விட்டுரு."

சென்னை ஐடி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் பேத்திக்கு மனசு கேட்கவில்லை. "பால் குடிக்குல்லா ஆச்சி" என்கிறாள். போனை எடுத்துத் தேடுகிறாள். டிஷ்யூ பேப்பர் ரோலின் உள்ளட்டையை வெட்டி, குட்டியின் நெஞ்சைச் சுற்றிக் கட்டச் சொல்கிறது ஒரு வீடியோ. கத்தரிக்கோல் கைக்கு வந்துவிட்டது.

ஒரு நிமிஷம். கத்தரிக்கோலைக் கீழே வைக்கலாம். ஆச்சி சொன்னதும் முழுசாகச் சரியில்லை, அந்த வீடியோ சொன்னதும் சரியில்லை. இப்படிப்பட்ட குட்டிகளில் லேசான பாதிப்பு உள்ளவை, வளர வளரத் தாமாகவே சரியாகிவிடுவது உண்டு. அதுவரை அவற்றை உயிரோடு வைத்திருக்கத் தேவைப்படுவது ஒரு சமையலறைத் தராசு, ஒரு நோட்டுப் புத்தகம், கொஞ்சம் சூடு, நிறைய பொறுமை. எப்படி என்று பார்ப்போம்.

இது என்ன பிரச்சனை?

பூனைக்கு 13 ஜோடி விலா எலும்புகள். பிறந்த குட்டிக்கு அவை முழுக்க எலும்பாக இறுகியிருக்காது, பெரும்பகுதி குருத்தெலும்புதான். வளைத்தால் வளையும், அழுத்தினால் அமுங்கும். அதனால் முதல் சில வாரங்களில் நெஞ்சுக்கூட்டின் வடிவம் மாறிப்போக வாய்ப்பு அதிகம்.

இதில் இரண்டு வகைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, தட்டை நெஞ்சு. இங்கே விலா எலும்புகள் பக்கவாட்டில் மடங்கி, நெஞ்சின் அடிப்பக்கம் முழுவதும் தோசைக்கல் போலத் தட்டையாகிவிடும். மேலிருந்து பார்த்தால் நெஞ்சு அகலமாகத் தெரியும். இரண்டு பக்கமும் விரலால் மெல்லத் தடவினால் ஒரு கூர்மையான விளிம்பு தட்டுப்படும். இது பெரும்பாலும் பிறக்கும்போதே தெரியாது. நன்றாக இருந்த குட்டி, முதல் மூன்று வாரங்களுக்குள், அதிலும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும்போது, திடீரென்று தட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இரண்டாவது, குழி நெஞ்சு. இதில் நெஞ்சின் நடுவில் இருக்கும் மார்பெலும்பு மட்டும் உள்ளே அமுங்கி, பணியாரக் கல்லில் இருப்பது மாதிரி ஒரு குழி விழுந்திருக்கும். இது மனிதர்களுக்கும் வருவதுதான். சுமார் 300 முதல் 400 குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும் என்பது மருத்துவர்களின் பொதுவான கணக்கு.

சில குட்டிகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எந்த வகையானாலும் ஆபத்து ஒன்றுதான். நெஞ்சுக்குள் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் இருக்க வேண்டிய இடம் குறைகிறது. நுரையீரல் முழுசாக விரிய முடியாது. இதயம் ஒரு பக்கமாகத் தள்ளப்படலாம். மூச்சு விடுவதற்கே குட்டியின் சக்தியெல்லாம் செலவாகிறது. பால் குடிக்கச் சக்தி இருக்காது. குடிக்காவிட்டால் எடை ஏறாது. எடை ஏறாவிட்டால் மூச்சு விடும் தசைகளும் பலம் பெறாது. இந்தச் சுற்றை எங்கேயாவது ஓரிடத்தில் உடைக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களால் அதைச் செய்ய முடியும்.

ஏன் வருகிறது?

ஒரே காரணம் என்று எதையும் மருத்துவ உலகம் இன்னும் உறுதி செய்யவில்லை. சந்தேகப் பட்டியல் மட்டும் இருக்கிறது.

பர்மீஸ் என்ற வெளிநாட்டு இனப் பூனைகளில் இது அதிகமாகக் காணப்பட்டதால், பரம்பரைக்குப் பங்கு இருக்கும் என்று கருதப்படுகிறது. ஒரே பிரசவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குட்டிகளுக்கு வருவதும் உண்டு. ஆனால் நம் ஊர் நாட்டுப் பூனைக்கு வராது என்று அர்த்தமில்லை.

இன்னொரு சந்தேகம் உணவு. பூனைகளுக்கு டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும். தேவையான அளவுக்கு அதைத் தன் உடம்பிலேயே தயாரிக்கப் பூனைக்குத் தெரியாது; இறைச்சி, மீனிலிருந்துதான் கிடைக்கும். டாரின் குறைந்தால் பூனைக்குக் கண் பார்வை போகும் என்பது 1975-ல் தெரியவந்தது. இதயம் வீங்கிப் பலவீனமாகும் என்பது 1987-ல் தெரியவந்தது. நெஞ்சுக்கூடு கோணலாவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று பர்மீஸ் குட்டிகளை வைத்துத் தேடிய பிரிட்டன் ஆய்வு ஒன்று 1997-ல் வெளியானது. டாரின்தான் காரணம் என்று இன்றுவரை முடிவாகவில்லை.

ஆனாலும் நம் வீடுகளில் இது யோசிக்க வேண்டிய விஷயம். தயிர்ச் சாதமும் பால் சோறும் மட்டுமே சாப்பிடும் பூனைக்கு டாரின் போதுமான அளவு கிடைக்காது. குட்டிகளின் நெஞ்சு கோணலானாலும் ஆகாவிட்டாலும், பால் கொடுக்கும் தாய்ப் பூனைக்கு மீன், கோழி, அல்லது கடையில் விற்கும் பூனை உணவு கொடுப்பதுதான் சரி. சைவ வீடாக இருந்தால் பாக்கெட் பூனை உணவு வாங்கிவிடலாம்.

ஒன்று மட்டும் நிச்சயம். குட்டியைச் சரியாகத் தூக்கவில்லை, கிரகணம் பட்டது, கண்பட்டது என்றெல்லாம் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

பிழைக்குமா?

நேரடியான பதில்: நெஞ்சு எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

லேசான பாதிப்பு உள்ள குட்டி, மற்ற குட்டிகளோடு சேர்ந்து பால் குடிக்கும், விளையாடும். எலும்பு வளர வளர நெஞ்சு உருண்டையாகி, சில மாதங்கள் கழித்துத் தொட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். தீவிரமான பாதிப்பு உள்ள குட்டி, எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் முதல் சில வாரங்களிலேயே இறந்துபோவது உண்டு. நடுவில் இருப்பவைதான் நம் கையில் இருக்கின்றன. நல்ல கவனிப்பு கிடைத்தால் ஒரு பக்கம் சாயும், கிடைக்காவிட்டால் இன்னொரு பக்கம் சாயும்.

உங்கள் குட்டி இதில் எந்த ரகம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எடையும் மூச்சும்தான் சொல்லும்.

முதல் வேலை: தராசு

கிராம் கணக்கில் காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு போதும். அது இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடைத் தராசு. ஒரு சின்னக் கிண்ணத்தில் துணி விரித்து, எடையைப் பூஜ்யமாக்கி, குட்டியை வையுங்கள்.

• தினமும் இரண்டு முறை, ஒரே நேரத்தில், பால் குடிப்பதற்கு முன் எடை போடுங்கள். நோட்டிலோ போனிலோ எழுதுங்கள்.
• பிறந்த குட்டி பொதுவாக 100 கிராம் பக்கத்தில் இருக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்ததைப் போல இரு மடங்கு ஆகியிருக்க வேண்டும்.
• நெஞ்சு தட்டையாகும் அந்த நாட்களில் எடை கொஞ்சம் தேங்குவது உண்டு. ஆனால் முழுசாக 24 மணி நேரம் ஏறாமல் நின்றாலோ, குறைந்தாலோ, அது எச்சரிக்கை. அன்றே டாக்டர்.
• ஒப்பிட்டுப் பார்க்க, கூடப் பிறந்த குட்டி ஒன்றையும் எடை போட்டு எழுதுங்கள்.

எண்களை எழுதுவது சலிப்பான வேலைதான். ஆனால் "நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் தெளிவா இருக்கிற மாதிரி இருக்கு" என்ற நம் ஆசை பொய் சொல்லும். தராசு பொய் சொல்லாது.

இரண்டாவது: மூச்சை எண்ணுங்கள்

குட்டி அசந்து தூங்கும்போது போனில் டைமர் வையுங்கள். நெஞ்சு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 நொடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். தூங்கும் குட்டிக்கு நிமிடத்துக்கு 15 முதல் 35 வரை சாதாரணம். தூங்கும்போதே மறுபடி மறுபடி 40-ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். எண்ண வராவிட்டால், பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் பேசும்போது அந்த வீடியோ பெரிய உதவி.

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்:

• வாயைத் திறந்து மூச்சு விடுவது
• ஈறு, நாக்கு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறுவது
• கழுத்தை நீட்டிக்கொண்டு, படுக்க முடியாமல் தவிப்பது
• பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்குவது
• தொட்டால் உடம்பு குளிர்ந்திருப்பது, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் கிடப்பது

மூன்றாவது: சூடு

மூன்று நாலு வாரம் வரை குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் படுக்கும் இடம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். பிறகு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

தென்காசி மாவட்டத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம். மனிதர்களுக்குச் சுகம். ஈரக்காற்று வீசும் திண்ணையில் கிடக்கும் 150 கிராம் உயிருக்கு அது சுகமல்ல. செய்ய வேண்டியது:

• உயரமான ஓரம் உள்ள அட்டைப்பெட்டி. அடியில் பழைய காட்டன் வேட்டி அல்லது துண்டு. ஈரம் பட்டால் உடனே மாற்றுங்கள்.
• பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக்க மூடி, கனத்த துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். தண்ணீர் ஆறியதும் மாற்ற மறக்காதீர்கள். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டைத் தானே இழுத்துக்கொள்ளும்.
• தரை வழுக்கக் கூடாது. வழவழப்பான டைல்ஸ், நியூஸ்பேப்பர் மேல் விட்டால் கால்கள் அகன்று, நெஞ்சு மேலும் தரையில் அழுந்தும். சொரசொரப்பான துணி வேண்டும்.
• தாய்ப் பூனை இருந்தால் அதைவிட நல்ல ஹீட்டர் கிடையாது. அதைப் பிரிக்காதீர்கள்.

இதோடு சேர்த்து ஒரு விதி: குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. உடம்பு குளிர்ந்தால் குடலும் வேலையை நிறுத்திவிடும். உள்ளே போன பால் செரிக்காமல் கிடக்கும், அல்லது மூச்சுக்குழாய்க்குள் போகும். முதலில் சூடு, பிறகுதான் பால். சூடேற்றுவதும் மெதுவாக நடக்க வேண்டும். உங்கள் நெஞ்சோடு அணைத்துத் துணியால் மூடிக்கொண்டால் அதுவே போதும்.

நாலாவது: பால்

தாய் பால் கொடுத்தால், மற்ற குட்டிகளைக் கொஞ்ச நேரம் சூடான இன்னொரு பெட்டிக்கு மாற்றிவிட்டு, இந்தக் குட்டிக்கு மட்டும் 15 நிமிடம் தனி நேரம் கொடுங்கள். பலசாலிக் குட்டிகள் தள்ளிவிடாமல் குடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை இப்படிச் செய்தாலே எடையில் வித்தியாசம் தெரியலாம்.

தாய் இல்லை, அல்லது எடை ஏறவில்லை என்றால், கையால் கொடுக்க வேண்டும். எதைக் கொடுப்பது? பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடர். தென்காசி, திருநெல்வேலியில் செல்லப்பிராணிக் கடைகளில் கேட்கலாம், ஆன்லைனிலும் கிடைக்கும். ஆவின் பால் இதற்கு ஈடாகாது. பூனைப் பாலில் பசும்பாலைப் போல சுமார் இரு மடங்கு புரதம் உண்டு. பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பது இன்னும் மோசம். வயிறு நிரம்பும், உடம்பு ஏறாது, வயிற்றுப்போக்கும் வரும்.

எவ்வளவு? 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 4 மில்லி. முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும். பிறகு மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை. தட்டை நெஞ்சுக் குட்டிக்கு ஒரே நேரத்தில் நிறையக் கொடுத்தால் வீங்கிய வயிறு நுரையீரலை மேலே தள்ளும். அதனால் கொஞ்சமாக, அடிக்கடி.

எப்படி? இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டுக் கொடுக்கக் கூடாது. குட்டி வயிறு கீழே இருக்கும்படி, தாயிடம் குடிப்பது போலவே, தலை லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். நெஞ்சைப் பிடித்து அழுத்தாமல், துணியில் நிற்கவைத்து, தலையை மட்டும் தாங்குங்கள். சிரிஞ்சைப் பயன்படுத்தினால் வேகமாக அழுத்தாதீர்கள். குட்டி விழுங்க விழுங்க ஒவ்வொரு துளி. மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள். பால் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். ஏற்கனவே இடம் குறைந்த நுரையீரலுக்கு அது தாங்காது.

ஒவ்வொரு முறை குடித்த பிறகும், தாய் நக்கிவிடுவதைப் போல, வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்துவிட வேண்டும். மூன்று வாரம் ஆகும்வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீர், மலம் போகத் தெரியாது.

செய்யவே கூடாதவை

"ஒண்ணும் ஆகாது" என்று நாம் நினைக்கும் பல வீட்டு வைத்தியங்கள் பூனைக்கு விஷம்.

• தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய்: நெஞ்சில் தேய்க்கக் கூடாது, ஆவி பிடிக்க வைக்கவும் கூடாது. பூனை நக்கினாலும் தோல் வழியே உள்ளே போனாலும் ஆபத்து.
• பாராசிட்டமால்: பெரிய பூனைக்கே ஒரு மாத்திரை உயிரை எடுக்கும். அதை உடைத்துச் செரிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. குழந்தைகளுக்கான சிரப்பும் அதே மருந்துதான்.
• நாய்க்கான உண்ணி மருந்து: பெர்மெத்ரின் கலந்த எதுவும் பூனைக்குக் கொடிய விஷம். ஈரும் உண்ணியும் இருந்தால் சீப்பால் எடுங்கள், டாக்டரைக் கேளுங்கள்.
• சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி: குட்டி இருக்கும் அறையில் வேண்டாம். பெட்டிக்கு மேல் மெல்லிய கொசுவலைத் துணி போதும்.
• நெஞ்சைத் தடவி, அமுக்கி, நீவி நேராக்குவது: குருத்தெலும்பு உடையலாம், கீழே இருக்கும் நுரையீரல் காயப்படலாம். குழந்தைக்கு மூக்கை நீவிவிடும் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.
• அட்டையில் கவசம் செய்து நீங்களே கட்டுவது: ஏன் கூடாது என்று அடுத்துப் பார்ப்போம்.

கவசம், ஆபரேஷன்: எப்போது, யார் செய்ய வேண்டும்?

நெஞ்சுக்குக் கவசம் கட்டும் சிகிச்சை நிஜமாகவே உண்டு. ஆனால் தட்டை நெஞ்சுக்கும் குழி நெஞ்சுக்கும் அழுத்த வேண்டிய திசை வேறு. தட்டை நெஞ்சில் இரண்டு பக்கமிருந்தும் லேசாக அணைத்தால் நடுப்பகுதி உருண்டு வரும். குழி நெஞ்சில் அதையே செய்தால் குழி மேலும் ஆழமாகலாம். எது எது என்று தெரியாமல் கட்டும் கவசம், ஏற்கனவே திணறும் குட்டியின் மூச்சை நிறுத்திவிடக்கூடும். குட்டி நாளுக்கு நாள் வளர்வதால், நேற்றுச் சரியாக இருந்த கட்டு இன்று இறுக்கும். எக்ஸ்ரே பார்த்து, டாக்டர் தேவை என்றால் மட்டும் கட்டி, அடிக்கடி அவிழ்த்துப் பார்க்க வேண்டிய வேலை இது. லேசான தட்டை நெஞ்சுக்குக் கவசமே தேவைப்படாமல் போகலாம்.

குழி நெஞ்சுக்கு டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் நெஞ்சின் அகலத்தை, முதுகெலும்புக்கும் மார்பெலும்புக்கும் இடையிலான ஆழத்தால் வகுப்பார்கள். 8 நாய்களையும் 6 பூனைகளையும் வைத்து 1989-ல் வெளியான அமெரிக்க ஆய்வு இந்த அளவுகோலைப் பரவலாக்கியது. சாதாரணப் பூனைக்கு 0.7 முதல் 1.3 வரை வரும். 2 வரை லேசானது, 2 முதல் 3 நடுத்தரம், 3-க்கு மேல் தீவிரம்.

நடுத்தரம், தீவிரம் என்றால் ஆபரேஷன் யோசிக்கப்படும். மார்பெலும்பைச் சுற்றித் தையல் நூலைக் கொண்டுபோய், வெளியே நெஞ்சின் வடிவத்தில் வளைத்த ஒரு கவசத்தோடு கட்டி, அமுங்கிய எலும்பை வெளிப்பக்கம் இழுத்து வைப்பார்கள். சில வாரங்களில் எலும்பு புது வடிவத்தில் இறுகிவிடும், கவசத்தைக் கழற்றிவிடலாம். இதற்கு எலும்பு இளசாக இருக்க வேண்டும். நாலு மாதத்துக்குள் செய்தால் நல்லது. அதனால் "பெருசானதும் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. அதேநேரம், மூன்று வாரக் குட்டிக்கு மயக்க மருந்தே ஆபத்து. எப்போது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீ.கே.புதூரிலிருந்து எங்கே போவது?

முதல் கதவு அரசு கால்நடை மருந்தகம். மாடு, ஆடு, கோழிக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் பூனையைக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். இதயத் துடிப்பில் வேறு சத்தம் இருக்கிறதா, சளி பிடித்திருக்கிறதா, நிமோனியாவா என்று ஸ்டெதாஸ்கோப் வைத்தே நிறையச் சொல்ல முடியும். தொற்று இருந்தால் ஆண்டிபயாடிக் கொடுப்பார்கள்.

எக்ஸ்ரே, ஆக்சிஜன், ஆபரேஷன் என்று வரும்போது பெரிய இடம் தேவை. இந்தப் பகுதிக்கு எட்டும் தூரத்தில் இருப்பது திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 2012-ல் தொடங்கப்பட்டது. சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கிளம்பும் முன் போன் செய்து, சின்னப் பூனைக்குட்டிக்கு எக்ஸ்ரே எடுப்பார்களா, எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூடியில் ஓட்டை போட்ட பெட்டி, துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டில், மாற்றுத் துணி, எடை எழுதிய நோட்டு, மூச்சு வீடியோ: இவை கையில் இருக்கட்டும். ஜன்னல் ஓரக் காற்று வேண்டாம். மூச்சுத் திணறும் குட்டியை வழியில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். பயம் ஆக்சிஜன் தேவையைக் கூட்டும்.

வளர்ந்த பிறகு?

மூன்று வாரம் தாண்டி, எடை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் நம்பிக்கை வைக்கலாம். நாலாவது வாரத்திலிருந்து குழைத்த பூனை உணவு, வேகவைத்து மசித்த கோழி என்று பழக்கலாம். எட்டு ஒன்பது வாரத்தில் தடுப்பூசி. அந்த நேரத்தில் டாக்டரிடம் நெஞ்சை மறுபடி காட்டுங்கள்.

கருத்தடை செய்யும்போது நெஞ்சு விஷயத்தை முதலிலேயே சொல்ல வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் முன் எக்ஸ்ரே தேவைப்படலாம். கருத்தடை அவசியமும்கூட. பரம்பரைக்குப் பங்கு இருக்கலாம் என்பதால் இந்தக் குட்டி மறுபடி குட்டி போடக் கூடாது. தாய்க்கும் கருத்தடை செய்துவிடுவது நல்லது. பூனையின் கர்ப்ப காலம் சுமார் 9 வாரம்தான். விட்டால் சீக்கிரமே மாடிப்படிக்கு அடியில் அடுத்த நாலு குட்டி.

எல்லாம் செய்தும் போய்விட்டால்?

அதுவும் நடக்கும். சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பால் கொடுத்த பிறகும், காலையில் பெட்டிக்குள் அசைவில்லாமல் கிடக்கலாம். நெஞ்சுக்குள் இடமே இல்லாத குட்டியை எந்தக் கையாலும் காப்பாற்றியிருக்க முடியாது. அது உங்கள் தவறல்ல. சில நேரம் டாக்டரே, இனி ஒவ்வொரு மூச்சும் வேதனைதான், ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடலாம் என்று சொல்லலாம். அதற்குச் சம்மதிப்பது கைவிடுவது ஆகாது.

கைவிடுவது வேறு. பையில் போட்டு ஆற்றங்கரையிலோ குப்பைத் தொட்டி பக்கத்திலோ வைத்துவிட்டு வருவது கைவிடுவது. பசியாலோ தாகத்தாலோ வாடும் நிலையில் ஒரு விலங்கை விட்டுச் செல்வது, 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

மறுபடி அந்த வீட்டுக்குப் போவோம். பேத்தி கத்தரிக்கோலை மேசை டிராயரில் போட்டுவிட்டாள். லேப்டாப் பக்கத்தில் அட்டைப்பெட்டி. மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவில் மற்ற மூன்றையும் எடுத்துவிட்டு, நாலாவதைத் தாயிடம் விடுகிறாள். நோட்டில் முதல் நாள் 128 கிராம். இரண்டாம் நாள் 128. மூன்றாம் நாள் 135.

"என்னட்டி எழுதிருக்க?" என்று கேட்கிறார் ஆச்சி.

"ஏழு கிராம் ஏறிருக்கு ஆச்சி."

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் வெந்நீர் வைக்கிறார். ஆறிப்போன பாட்டிலை மாற்ற வேண்டும்.